கணினி கேள்வி–பதில்: திரை இருண்டால் டிரைவர்தான் காரணமா?

கிராபிக்ஸ் கார்டு டிரைவர் (இயங்குதளம் கார்டை இயக்க உதவும் மென்பொருள்) பற்றிய கேள்விகள் மிகுதியாக வந்திருப்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்த இடங்களில், விவரம் அதிகமாக இருந்த ஒரு கடிதத்தை மட்டும் சுருக்கித் தந்துள்ளேன்.

கேள்வி: திருமண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் தொழில் செய்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டும் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்-ஸும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) உள்ள அசெம்பிள்டு சிஸ்டம். பிரீமியரில் எக்ஸ்போர்ட் கொடுத்துச் சில நிமிடங்கள் கழிந்ததும் திரை கறுத்துப்போய், இரண்டு மூன்று நொடிகளில் திரும்பி வருகிறது. டிஸ்பிளே டிரைவர் இயங்காமல் நின்று மீண்டது என்று விண்டோஸ் தெரிவிக்கிறது. சர்வீஸ் கடையில் இருமுறை ஃபார்மேட் செய்து பார்த்தும் பயன் இல்லை. டிரைவர் சரியில்லை என்றே சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், மதுரை

பதில்: அந்தச் செய்தியில் டிரைவரின் பெயர் இருப்பதாலேயே பழி அதன்மேல் விழுந்துவிடுகிறது. திருட்டைக் கண்டு கூவிய காவலாளியையே திருடன் என்று பிடித்துவைப்பது போன்றது இது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இயங்குதளத்துக்குள் ஒரு கண்காணிப்பு ஏற்பாடு இருக்கிறது. கார்டிடம் ஒப்படைத்த வேலை முடியாமலும், அதை இடைநிறுத்தச் சொன்ன கட்டளைக்குக் கார்டு இணங்காமலும் 2 நொடிகள் கழிந்தால், கார்டு உறைந்துவிட்டதாகக் கருதி விண்டோஸ் அதையும் டிரைவரையும் மீட்டமைக்கிறது; நீங்கள் காணும் கறுப்புத் திரை அந்த மீட்டமைப்பு நடக்கும் நேரம்தான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் இது 4101 என்ற எண்ணுடன் பதிவாகியிருக்கும். 1 நிமிடத்துக்குள் 5 முறைக்கு மேல் இப்படி நேர்ந்தால் விண்டோஸ் மீட்கும் முயற்சியைக் கைவிட்டு நீலத்திரையைக் காட்டிவிடும். கார்டு ஏன் பதில் தரவில்லை என்பதை இந்த ஏற்பாடு சொல்வதில்லை. டிரைவரில் உள்ள பிழை, அதிக வெப்பம், போதாத மின்சாரம், பழுதான கார்டு நினைவகம் என எது காரணமானாலும் செய்தி ஒன்றுதான்.

இருமுறை ஃபார்மேட் செய்தது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு என்றாலும், அதிலிருந்து ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. புதிய விண்டோஸில், புதிதாக நிறுவிய டிரைவருடனும் அதே இடத்தில் அதே சிக்கல் வருகிறது என்றால், பழைய டிரைவரின் எச்சம்தான் காரணம் என்ற ஐயம் நீங்கிவிடுகிறது. இருமுறையும் ஒரே பதிப்பு டிரைவரையே போட்டிருந்தால் அந்தப் பதிப்பின் மீதான ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது. ஆனாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது உங்கள் எஸ்.எம்.பி.எஸ்-ஸைத்தான்.

ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேலையில் 170 வாட் எடுக்கக்கூடியது. அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும் என்பதால் மீதியை 8 பின் கேபிள் கொடுத்தாக வேண்டும். விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ்-களில் இந்த 8 பின் கேபிளே இருக்காது. ஹார்டு டிஸ்க்குக்கான பழைய மோலெக்ஸ் இணைப்புகள் இரண்டைச் சேர்த்து ஒரு மாற்றியின் வழியாக மின்சாரம் எடுத்திருப்பார்கள். சி.பி.யூ பெட்டியைத் திறந்து இதை முதலில் பாருங்கள். அப்படி ஒரு மாற்றி இருந்தால் வேறு எதையும் ஆராய வேண்டியதில்லை, தரமான 550 அல்லது 650 வாட் எஸ்.எம்.பி.எஸ் வாங்கிவிடுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் '450 வாட்' என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 12 வோல்ட் இணைப்பில் அது எத்தனை ஆம்பியர் தரும் என்று அதே ஒட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான்.

செலவு செய்வதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் எந்த நிறுவனத்தின் கார்டிலும் வேலை செய்யும். அதில் பவர் லிமிட் (கார்டு எடுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு) என்பதை 70 விழுக்காட்டுக்குக் குறைத்துவிட்டு, வழக்கமாக நின்றுபோகும் அதே வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். வேலை சற்று மெதுவாகி, ஆனால் திரை கறுக்காமல் முடிந்துவிட்டால், குறை மின்சாரத்திலோ வெப்பத்திலோ இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம், ஏனெனில் டிரைவர் மாறவில்லை. அதே மென்பொருள் வெப்பநிலையையும் காட்டும். 85 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நிற்குமானால் மின்விசிறியிலும் ஹீட்சிங்கிலும் படிந்த தூசியைச் சுத்தம் செய்து, பெட்டிக்குள் காற்றோட்டத்துக்கு வழி செய்யுங்கள்.

பவர் லிமிட்டைக் குறைத்தும் திரை கறுக்குமானால்தான் டிரைவரின் முறை வருகிறது. அப்போதும் இருப்பதன்மேலேயே புதியதை நிறுவாமல், பழையதை முற்றிலும் அகற்றிவிட்டு நிறுவுங்கள். வேண்டிய டிரைவரை என்விடியாவின் தளத்திலிருந்து முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொண்டு, இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழையதை நீக்கிய கையோடு விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள ஒரு பதிப்பைக் கொண்டுவந்து போட்டுவிடும். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குள் (அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றும் நிலை) போய், டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற மென்பொருளை இயக்குங்கள். சேஃப் மோடில் சில கணினிகள் பின் (PIN) எண்ணை ஏற்காது. டிரைவ் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் ரெக்கவரி கீ கேட்கும். ஆகவே கடவுச்சொல்லையும் அந்தக் கீயையும் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். உங்கள் தொழிலுக்கு, விளையாட்டுகளைக் கருதி அடிக்கடி வரும் கேம் ரெடி டிரைவரைவிட, எடிட்டிங் மென்பொருள்களில் சோதித்து நிதானமாக வெளியிடப்படும் ஸ்டூடியோ டிரைவரே ஏற்றது.

விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) டிடிஆர் டிலே (TdrDelay) என்ற மதிப்பைச் சேர்த்து, மேலே சொன்ன கண்காணிப்பின் 2 நொடியை 10 நொடியாக்கச் சொல்லும் அறிவுரையை யாராவது உங்களுக்குத் தரக்கூடும். ஒரே கணக்கீட்டை நீண்ட நேரம் கார்டில் ஓட்டும் சில மென்பொருள்களுக்கு அது தேவைப்படுவது உண்மை. உங்கள் நிலையில் அது கறுப்புத் திரைக்கு முன்னால் 8 நொடி உறைந்த திரையைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இரண்டு கணினிகளில் ஜிடி 730 கார்டு இருக்கிறது. என்விடியாவின் புதிய டிரைவரை நிறுவ முயன்றால், இதற்கு ஏற்ற வன்பொருள் இல்லை என்று இரண்டிலும் மறுக்கிறது. பழைய டிரைவர் ஒன்றைத் தேடிப் போட்டதில் ஒரு கணினி சரியாகிவிட்டது, மற்றதில் அதுவும் ஏறவில்லை. இரண்டும் ஒரே கார்டு அல்லவா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: பெயர் ஒன்று, கார்டு வேறு. ஜிடி 730 என்ற பெயரில் என்விடியா இரண்டு வெவ்வேறு தலைமுறைச் சில்லுகளை விற்றது. 96 கோர்களும் 128 பிட் டிடிஆர்3 நினைவகமும் கொண்டது பழைய ஃபெர்மி வகை. 384 கோர்கள் கொண்டது கெப்ளர் வகை. ஃபெர்மிக்கான கடைசி டிரைவர் 2018 மார்ச்சில் வந்த 391.35. கெப்ளர் கார்டுகள் 470 கிளை (பதிப்பு வரிசை) டிரைவருடன் நின்றுவிட்டன. 2021-க்குப் பிறகு அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்தன, 2024 செப்டம்பருடன் அவையும் முடிந்தன. பதிவிறக்கப் பக்கத்தில் 47 என்று தொடங்கும் பதிப்புகள்தாம் இந்தக் கிளையைச் சேர்ந்தவை.

ஜிபியு-இசட் என்ற சிறிய மென்பொருளை இரண்டு கணினிகளிலும் இயக்கிப் பாருங்கள். சில்லின் பெயர் ஜிஎஃப் என்று தொடங்கினால் ஃபெர்மி, ஜிகே என்று தொடங்கினால் கெப்ளர். அதற்கேற்ற டிரைவரைத் தனித்தனியே நிறுவினால் இரண்டுமே வேலை செய்யும். அலுவலகக் கணினியின் செயலியிலேயே (பிராசஸர்) கிராபிக்ஸ் வசதி இருக்குமானால் ஒன்று சொல்வேன்: ஜிடி 730-ஐக் கழற்றி வைத்துவிட்டு அதையே பயன்படுத்துங்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த செயலிகளில் உள்ள கிராபிக்ஸ், பாதுகாப்புத் திருத்தமும் நின்றுபோன இந்தக் கார்டைவிட எல்லா வகையிலும் மேல்.

கேள்வி: புதிதாக கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தினேன். திரை நன்றாகத் தெரிகிறது, டிரைவரும் ஏறிவிட்டது. ஆனால் விளையாட்டுகள் கார்டு இல்லாதபோது ஓடியது போலவே திணறுகின்றன. என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்தால், என்விடியா கார்டுடன் இணைந்த திரை எதையும் நீங்கள் பயன்படுத்தவில்லை என்கிறது.
— வாசகர், ஈரோடு

பதில்: மானிட்டரின் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதற்குக் கீழே கிடைவாக்கில் இருக்கும் கார்டின் துளையில் செருகுங்கள்.

கேள்வி: பழைய சந்தையில் ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். படம் வருகிறது, ஆனால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோடு 43' (Code 43) என்ற செய்தியும் இருக்கின்றன. ஏஎம்டி டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் ரீஸ்டார்ட் செய்ததும் அதே நிலை.
— வாசகர், சென்னை

பதில்: கோடு 43 என்றால், சாதனம் தன்னிடம் கோளாறு இருப்பதாகத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று பொருள். வேறு கார்டு என்றால் பல காரணங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய ஆர்எக்ஸ் 580 என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இது எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கணக்கிட்டு ஈட்டும் மைனிங்கில் உழைத்த கார்டாக இருக்கலாம். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டுகளை வைத்து மைனிங் செய்யும் தொழில் அதில் ஒரே நாளில் முடிந்துபோய், அந்தக் கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங் செய்தவர்கள் நினைவகத்தின் வேகத்தைக் கூட்டுவதற்காகக் கார்டின் பயாஸை (கார்டிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) திருத்தியிருப்பார்கள். ஏஎம்டியின் டிரைவர் அந்தப் பயாஸின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும். திருத்தப்பட்டதென்று தெரிந்தால் இயங்க மறுத்துவிடும். டிரைவர் தன் கடமையைச் செய்கிறது என்பதால் அதை மீண்டும் மீண்டும் நிறுவிப் பயனில்லை.

கார்டின் மேல் விளிம்பில் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 580 கார்டுகள் பலவற்றில் இரண்டு பயாஸ்கள் உண்டு, திருத்தியவர் பெரும்பாலும் ஒன்றைத்தான் தொட்டிருப்பார். கணினியை அணைத்து, மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, சுவிட்சை மறுபக்கம் தள்ளி இயக்கிப் பாருங்கள். சுவிட்ச் இல்லாவிட்டால், அதே நிறுவனத்தின் அதே மாதிரிக்கான, அதே நினைவக வகைக்கான மூலப் பயாஸை மறுபடி எழுத வேண்டியிருக்கும். தவறான பயாஸை எழுதினால் கார்டு பயனற்றுப் போகக்கூடும் என்பதால், பழக்கமில்லாவிட்டால் இதை அறிந்தவரிடம் கொடுங்கள். கையொப்பச் சோதனையையே முடக்கிவிடும் சிறு மென்பொருள்களும் கிடைக்கின்றன. அவற்றால் டிரைவர் ஏறிவிடும், ஆனால் கார்டு மைனிங்குக்கான அமைப்பிலேயே தொடர்ந்து ஓடும் என்பதால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

பழைய கார்டு வாங்க நினைக்கும் பிறருக்கும் ஒரு சொல். கடையிலேயே ஜிபியு-இசட்டை ஓட்டிப் பாருங்கள். பழைய என்விடியா சில்லுகளின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற பெயர்களில் விற்கும் போலிகள் உண்டு. 2018-இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து இந்த மென்பொருள் அத்தகைய கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி: திரை அவ்வப்போது மினுமினுக்கிறது. டிரைவரா, மானிட்டரா, கேபிளா என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வசதி இல்லை.
— வாசகி, புதுச்சேரி

பதில்: செலவில்லாத சோதனைகள் இரண்டு இருக்கின்றன. மினுமினுப்பு வரும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். திரையில் மற்றவை மினுமினுக்க, டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால் நிறுவியிருக்கும் ஏதோ ஒரு மென்பொருள்தான் காரணம். அதுவும் சேர்ந்து மினுமினுத்தால் டிரைவரைப் பார்க்க வேண்டும். இது மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்லும் வழி.

இரண்டாவது சோதனையை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். கணினியை இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி மதர்போர்டின் பயாஸ் திரைக்குள் போய், அங்கேயே பத்து நிமிடம் விட்டுவையுங்கள். அந்த நேரத்தில் விண்டோஸே தொடங்கியிருக்காது, அதன் டிரைவரும் ஏறியிருக்காது. அங்கேயும் மினுமினுப்போ, வண்ணக் கோடுகளோ, சிதறிய புள்ளிகளோ தெரிந்தால் குறை கேபிளிலோ மானிட்டரிலோ கார்டிலோதான் இருக்கிறது. அதன் பிறகு டிரைவரைப் பற்றிப் பேசுபவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள். பயாஸ் திரை தெளிவாக இருந்து விண்டோஸில் மட்டும் தொல்லை வந்தால், டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்டீஸைத் திறந்து ரோல் பேக் டிரைவர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது முந்தைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவரும்.

இன்னொன்றும் கவனியுங்கள். விண்டோஸ் 8-இலிருந்து, ஷட்டவுன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால் இயங்குதளத்தின் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது. உண்மையான புதுத் தொடக்கம் ரீஸ்டார்ட்டில்தான் கிடைக்கும். இரவு அணைத்துக் காலையில் இயக்கியும் தீராத சிக்கல் ஒரு ரீஸ்டார்ட்டில் தீர்ந்துவிடுவது இதனால்தான்.

கேள்வி: 24 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டும், இன்டெலின் 13-ஆம் தலைமுறை ஐ9 செயலியும் வைத்திருக்கிறேன். சில விளையாட்டுகள் தொடங்கும்போதே வீடியோ நினைவகம் போதவில்லை என்று கூறி மூடிக்கொள்கின்றன. டிரைவர் பதிப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துவிட்டேன்.
— வாசகர், பெங்களூரு

பதில்: உங்கள் டிரைவரும் கார்டும் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், செயலியைச் சோதியுங்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளில், குறிப்பாக ஐ9 வகைகளில், இதே செய்தி உலகம் முழுவதும் வந்தது. விளையாட்டு தொடங்கும்போது ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) உருவாக்குவதும் சுருக்கப்பட்ட கோப்புகளை விரிப்பதும் செயலியின் வேலை. அந்தக் கணக்கில் பிழை நேர்ந்தால், விளைவு கார்டின் நினைவகக் குறையைப் போலத் திரையில் வெளிப்படுகிறது. 2024 ஏப்ரலில் என்விடியாவே இத்தகைய பயனர்களை இன்டெலின் உதவிப் பிரிவை நாடச் சொன்னது. செயலி தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதால் அது நாளடைவில் சீர்கெடுகிறது என்று பின்னர் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்திய மைக்ரோகோடை (செயலியின் உள் கட்டளைத் தொகுப்பு) வெளியிட்டது. பெட்டியில் விற்ற செயலிகளுக்கு உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டியது.

மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸைப் பதிவிறக்கி ஏற்றுங்கள். அந்த மைக்ரோகோடு மேலும் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. பயாஸை மாற்றிய பிறகும் செய்தி தொடருமானால், உத்தரவாதத்தின் கீழ் செயலியை மாற்றித் தரக் கேளுங்கள்.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் என்விடியா டிரைவரை நிறுவினேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. ரீஸ்டார்ட் செய்த பிறகும் திரையின் அளவு குறைவாகவே இருக்கிறது. கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை, டிரைவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது.
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லியிருக்கும்; ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத்தில் ஒரு திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தக் கேட்டிருக்கும். நீங்கள் கவனிப்பதற்குள் அது போயிருக்கலாம். செக்யூர் பூட் (நம்பத்தக்க கையொப்பம் உள்ளதை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், கையொப்பம் நம்பத்தக்கதென்று பதிவு செய்யப்படாத டிரைவரை இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் ஏற்றாது. அந்த நீலத் திரைதான் பதிவு செய்யும் இடம். அடிஷனல் டிரைவர்ஸ் பகுதியில் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுங்கள். இம்முறை நீலத் திரையில் எம்ஓகே-வை (MOK, அந்தக் கையொப்பத்துக்கான சாவி) பதிவு செய்யும் தெரிவைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது எளிய வழி. ஆனால் அதே கணினியில் விண்டோஸ் 11-உம் வைத்திருந்தால், சில விளையாட்டுகள் செக்யூர் பூட் இல்லாமல் ஓட மறுக்கும்.

என்விடியாவின் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை நேராக இறக்கிப் போடும் பழக்கம் உபுண்டுவில் வேண்டாம். கெர்னல் புதுப்பிக்கப்படும் நாளில் அது உடைந்து கறுப்புத் திரையில் விட்டுவிடக்கூடும்.

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1060 கார்டு வைத்திருக்கிறேன். புதிய டிரைவர் வரும்போதெல்லாம் உடனே மாற்றிவிட வேண்டுமா? எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பலாமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றும் தங்கள் டிரைவர்களை இலவசமாகவே தருகின்றன. இடையில் ஒருவர் பணம் கேட்டு, அல்லது விளம்பரத்தைச் சேர்த்து, பொருந்தாத பதிப்பைக் கொடுப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை.

புதிய டிரைவர் வந்த அன்றே மாற்றுவதும் எப்போதும் நல்லதல்ல. டிரைவர்களின் கெட்ட பெயர் காரணமில்லாமல் வந்ததன்று. விஸ்டா தொடர்பான ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணங்களின்படி, 2007-இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 விழுக்காடு என்விடியா டிரைவர்களால் வந்தவை. 2010 மார்ச்சில் வந்த 196.75 என்ற டிரைவர், சில கார்டுகளில் மின்விசிறியின் வேகக் கட்டுப்பாட்டைக் கெடுத்து, கார்டையே சூடாக்கியதால் திரும்பப் பெறப்பட்டது. நீங்கள் விளையாடும் புதிய விளையாட்டு ஒன்றுக்காகவோ, உங்களிடம் உள்ள சிக்கல் அந்தப் பதிப்பில் தீர்ந்ததாக வெளியீட்டுக் குறிப்பு சொல்வதாலோ, பாதுகாப்புத் திருத்தம் என்பதாலோ மட்டும் மாற்றுங்கள். அப்போதும் சில வாரங்கள் பொறுத்து மாற்றினால் போதும். பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் பொறுக்க வேண்டாம்.

உங்கள் கார்டைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கான கேம் ரெடி டிரைவர்கள் 580 கிளையுடன் 2025 அக்டோபரில் நின்றுவிட்டன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. அவற்றை வரவரப் போட்டுக்கொள்ளுங்கள்.